பயம் போகும் நோய்

மனித குலத்தின் மூளையைப் பற்றிய அறிவு ஒரே நாளில் நெடுந்தூரம் முன்னேறிய அந்த நன்னாளில், எலிக்கூடத்தில் இருந்தவர்கள் வருமாறு: ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரான என் மாப்பிள்ளை, அங்கே ஆராய்ச்சியாளராக இருக்கும் என் சின்ன மருமகள், எலிகளின் மருத்துவர், ஒரு புகைப்படக்காரர், நான், எலிகள். உறவுக்காக என்னை அழைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நிலையத்தின் நெறிமுறைக் குழுவில் நான் ‘பொதுமக்கள் பிரதிநிதி’. பொதுமக்களில் தகுதியானவர் யார் என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் தேடி, கடைசியில் மாமனாரிடம் வந்து நின்றார்.

அவை சாதாரண எலிகள் அல்ல. நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும்படி வளர்க்கப்பட்டவை. வடிகட்டிய காற்று, கொதிக்கவைத்த தண்ணீர், ஆவியில் சுத்தம் செய்த படுக்கை. என் சம்பந்திகளுக்குக்கூட அப்படி உபசாரம் நடந்ததில்லை. பாதி எலிகளுக்கு மூளையில் குடியேறும் ஓர் ஒட்டுண்ணியைக் கொடுத்திருந்தார்கள். மீதி எலிகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா இருந்தன. அந்த ஒட்டுண்ணி உள்ளே போனால் எலிக்குப் பூனையிடம் உள்ள பயம் விட்டுப்போகுமாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த மனிதர்களுக்கோ அது எமன். அவர்களைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடும்.

மாப்பிள்ளைக்கு அன்று கடுமையான ஜலதோஷம். இருந்தும் கடமை தவறாமல் வந்திருந்தார். எலிகளும் படத்தில் விழ வேண்டும் என்று கூண்டுகளின் மூடியைத் திறந்துவைத்து, எல்லோரும் முகமூடியோடு வரிசையாக நின்றோம். புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார்.

“இதுல இயக்குநர் யாருன்னே தெரியலையே சார்.”

மாப்பிள்ளை முகமூடியைக் கழற்றினார். சின்ன மருமகள் பதறினாள்.

“சார், வேண்டாம்! எலிங்க தாங்காது!”

“ஒரே ஒரு போட்டோம்மா. ஊசியா போடறோம்?”

நானும் கழற்றினேன். முகத்தை மூடிக்கொள்ளும்படி எங்கள் குடும்பத்தில் யாரும் நடந்துகொண்டதில்லை. மாப்பிள்ளை சிரித்தார், பிறகு தும்மினார். பதவிக்கேற்ற தும்மல். கடைசிக் கூண்டு வரை பாரபட்சமின்றிப் போய்ச் சேர்ந்தது.

படம் அருமையாக வந்தது. மருமகள் மட்டும் முகமூடியோடு நிற்கிறாள். யாரோ போல் இருக்கிறது.

அந்த வாரமே எலிகள் எல்லாம் இறந்தன. அவற்றை அப்புறப்படுத்துவதற்குள் ‘ஒட்டுண்ணியின் அதிவேகக் கொல்லும் திறன்’ என்ற கட்டுரை தயாராகிவிட்டது. மருமகளின் கையெழுத்துதான் பாக்கி. குழு கூடியது.

“நான் போட மாட்டேன் சார்.”

“ஏம்மா?”

“ஒட்டுண்ணி கொடுக்காத எலியும்தான் செத்திருக்கு. எல்லாத்துக்கும் நுரையீரல்லதான் கோளாறு. மூளையில ஒண்ணுமே இல்ல.”

மருத்துவர் தொண்டையைச் செருமினார். “சும்மா இருந்த எலிங்க... பக்கத்துக் கூண்டைப் பார்த்து மனசு உடைஞ்சு போயிருக்கலாம்.”

குழு இதை ஆழ்ந்த அனுதாபத்துடன் ஏற்றுக்கொண்டது.

“டாக்டர், நீங்கதானே அறுத்துப் பார்த்தீங்க?”

“பார்த்தேம்மா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

அவள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “இதை நம்பி நோயாளிங்களுக்கு மருந்தை அள்ளிக் கொடுப்பாங்க சார். அவங்க தாங்க மாட்டாங்க. எலிங்க செத்தது உங்க ஜலதோஷத்தால.”

வீட்டுப் பெரியவன் என்ற முறையில் நான் தலையிட்டேன்.

“இயக்குநர்கிட்ட பேசற பேச்சா இது? கொஞ்சமாவது பயம் வேண்டாம்?”

“இருந்தது மாமா. இப்ப போயிடுச்சு.”

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். மாபெரும் கண்டுபிடிப்புகள் இப்படித்தான் சட்டென்று பிறக்கின்றன.

“டாக்டர், பயம் விட்டுப்போறது எதோட அறிகுறி?”

“எலிக்கா சார்?”

“பொதுவா.”

மருத்துவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். “அந்த ஒட்டுண்ணியோடதுதான் சார்.”

மருமகளுக்குத் தொற்று ஏற்பட்டிருப்பதைக் குழு ஒருமனதாகக் கண்டறிந்தது. “ரத்தம் எடுத்துப் பாருங்களேன்!” என்று அவள் கத்தினாள். குழுவிடமே ஆதாரம் கேட்கும் அளவுக்கு நோய் முற்றியிருந்தது. பொதுமக்கள் சார்பில் குழுவின் முடிவை நான் வழிமொழிந்தேன். நோயாளியின் கையெழுத்து செல்லாது என்பதால், கட்டுரை அது இல்லாமலே வெளியாயிற்று. பல மருத்துவமனைகள் அதைப் பின்பற்றுவதாகக் கேள்வி. குடும்பத்துக்குப் பெருமை.

உண்மையைச் சொன்னதற்காக எங்கள் வீட்டு மருமகளை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள் என்று உறவில் சிலர் வதந்தி கிளப்புகிறார்கள். முழுப் பொய். அவள் மருத்துவ விடுப்பில் இருக்கிறாள். பயம் திரும்பி வந்ததும் வேலைக்குத் திரும்பலாம். நிலையத்தில் மற்ற அனைவரும் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறார்கள்.