நேவியும் கறுப்பும் நாலு சிவப்புக் கம்பியும்

ஒரு புதிர் போடுகிறேன்.

ஜன்னல் இல்லாத ஓர் அறை. கதவுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச். எதிர்ச் சுவரோரம் கட்டில். அறையில் உங்களைத் தவிர யாரும் இல்லை. விளக்கை அணைக்க வேண்டும். ஆனால் இருட்டில் ஓர் அடிகூட வைக்காமல் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். எப்படி?

பல வருடமாக ஒரு நாளிதழின் சிறுவர் பக்கத்தில் புதிர் போட்டு, விடையைத் தலைகீழாக அச்சடித்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு விடை தெரியும் என்றுதான் நினைத்தேன்.

இந்தப் புதிரை எனக்குப் போட்டவள் என் மகள் கயல். இரண்டாம் வகுப்பு. தனி அறை வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கினாள். கட்டில் வந்துவிட்டது, மெத்தை வந்துவிட்டது, கதவில் அவள் பெயர்கூட ஒட்டியாகிவிட்டது. ஆனால் ஸ்விட்சை அணைத்துவிட்டு இருட்டில் கட்டிலுக்கு ஓடும்போது ஒவ்வொரு முறையும் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டு, அழுதபடி எங்கள் அறைக்கு வந்துவிடுவாள்.

"லைட்டு எரியட்டும் கண்ணு" என்றால், "லைட்டு எரிஞ்சா தூக்கம் வர்றதில்லீங்கப்பா" என்பாள்.

"படுத்துட்டே ஆஃப் பண்ற மாதிரி செஞ்சு குடுத்தீங்கன்னா, நான் தனியாப் படுத்துக்குவனுங்க. சத்தியம்."

சத்தியம் வாங்கிய சனிக்கிழமை காலை, நான் ஸ்மார்ட் ரிலேயுடன் உட்கார்ந்தேன். இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்த அளவுதான் இருக்கும். ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டால், சுவரில் இருக்கிற பழைய ஸ்விட்சும் வேலை செய்யும், போனிலிருந்தும் விளக்கை அணைக்கலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் இல்லை. "நாளைக்கு வர்றனுங்க சார்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

என் மனைவி கோமதி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணியின் கலர் சரியா என்று பார்த்து அப்ரூவல் கொடுப்பதும் அவள் வேலை. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏனுங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமுங்களா?"

"'செய்து பாருங்கள்'னு வாராவாரம் எழுதறது யாரு?"

"காகிதத்துல கொக்கு செய்யறதுங்க அது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே சாதிக் பாய் பவர் டேபிள் வைத்திருக்கிறார். குழந்தைகளுக்கான டி-ஷர்ட் தைக்கிற சின்ன யூனிட். ஒரு காலத்தில் மாடியும் யூனிட்டாகத்தான் இருந்தது. கயலின் அறை அப்போது துணி அடுக்கும் அறை. அதனால்தான் ஜன்னல் கிடையாது. துணி மூட்டை ஏற்றி வருகிறவர்களுக்காகப் படிக்கட்டு லைட்டின் ஸ்விட்சையும் அதே போர்டில் வைத்திருந்தார்கள்.

நான் எதையும் முறைப்படி செய்கிறவன். முதலில் மெயினை அணைத்தேன். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டேன். போர்டைக் கழற்றினேன். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.

விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று, படிக்கட்டுக்கு ஒன்று என்று நாலு கம்பி. நாலும் சிவப்பு! வயரிங் செய்தவர் கையில் எந்தச் சுருள் மிச்சமிருந்ததோ அதையே இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பதறவில்லை. கழற்றும்போதே அடையாளம் கட்டிவிட்டால் தீர்ந்தது. கீழே போய்ச் சாதிக் பாயிடம் வேஸ்ட் துணியில் நாலு கீற்று கேட்டேன்.

"மூட்டைல இருக்குது, எடுத்துக்குங்க சார். என்னுங்க, இந்த வாரம் பொம்மைங்களா?"

"ஆட்டோமேஷன் பாய்."

"பிள்ளைங்களுக்கா? பரவால்லீங்களே!"

அன்றைக்கு அவரிடம் ஓடிய கலர்கள் வெள்ளை, மஞ்சள், நேவி என்கிற கருநீலம், கறுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு கீற்று கிழித்துக்கொண்டு வந்தேன். ஃபேன் கம்பிக்கு வெள்ளை. பிளக்குக்கு மஞ்சள். அறை விளக்குக்கு நேவி. படிக்கட்டுக்குக் கறுப்பு. என் முறையான புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு கீற்றாகப் பார்த்து, ரிலேயில் கம்பிகளைச் செருகி முடுக்கினேன். போர்டை மூடினேன். மெயினைப் போட்டேன். எதுவும் வெடிக்கவில்லை! எல்லா விளக்கையும் ஏற்றிவைத்தேன். போனில் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வைத்தேன். 'கயல் அறை' என்று அடித்தபோது கண்ணில் நீரே வந்துவிட்டது.

"கண்ணு, வா! படு!"

கயல் ஓடி வந்து படுத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். நான் வாசற்படியில் நின்று, மந்திரவாதி மாதிரி கையை உயர்த்தி, பொத்தானை அமுக்கினேன்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மறுபடியும் அமுக்கினேன். எரிந்தது. இன்னொரு தரம். எரிந்தது.

"நெட்டு ஸ்லோ" என்றேன்.

"சரிங்கப்பா" என்றாள் கயல். குழந்தைகளுக்குத்தான் எவ்வளவு பொறுமை!

நான் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன். கீழே மிஷின் சத்தத்துக்கு மேல் பெண்கள் கத்துவது கேட்டது. யூனிட்டில் சனிக்கிழமை என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சாதிக் பாய் மூச்சு வாங்கப் படியேறி வந்து என் எதிரே நின்றார்.

"சார், செக்கிங் டேபிள் லைட்டு கண்ணாமூச்சி ஆடுதுங்க! பொண்ணுங்க தெச்ச பீஸத் தூக்கிப் பாக்கறாங்க, அதுக்குள்ள அணைஞ்சு போகுது. ஓட்டையா இருட்டான்னே தெரியலீங்க!"

"வோல்டேஜ் சரியில்ல போலிருக்குங்க பாய்" என்றேன். சொல்லும்போதே பழக்கதோஷத்தில் கட்டை விரல் இன்னொரு தரம் அமுக்கிவிட்டது.

படிக்கட்டு விளக்கு அணைந்தது. கீழேயிருந்து 'ஓ'வென்று கூச்சல்.

பாய் படிக்கட்டைப் பார்த்தார். என் போனைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார்.

"வோல்டேஜ் உங்க கட்டை விரல்லதானுங்க சார் இருக்குது!"

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அதுசரிங்க பாய், எங்க படிக்கட்டு லைட்டு அணைஞ்சா உங்க செக்கிங் டேபிள் ஏனுங்க அணையுது?"

பாய் உடனே குரலை இறக்கினார். "டீ சொல்லட்டுங்களா சார்?"

எங்கள் படிக்கட்டு லைட்டிலிருந்து ஒரு கம்பி கீழே இறங்கி அவருடைய ட்யூப்லைட்டுக்குப் போவதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்காமல் விட்டோம்.

"மொதல்ல லைட்டப் போடுங்க சார், பீஸ் நிக்குது."

போனை நம்பாமல், எட்டிச் சுவரில் 'படி' என்று எழுதியிருந்த ஸ்விட்சையே தட்டினேன். பழைய ஸ்விட்ச், பழக்கமான ஸ்விட்ச், என்ன ஆகிவிடப்போகிறது?

கயலின் அறை குப்பென்று இருண்டது.

அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. அடுத்து 'டங்' என்று ஒரு சத்தம். அது கட்டில் கால். அதற்கடுத்து இன்னோர் அலறல். அது கயலின் கால்.

பதறி இன்னொரு ஸ்விட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. இன்னொன்றைத் தட்டினேன். படி வெளிச்சமானது. "வந்துருச்சுங்க சார்!" என்று பாய் சந்தோஷமாகக் கத்திக்கொண்டே இறங்கி ஓடினார். என் மகள் இருட்டிலிருந்து நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்க வேணும்னே பண்ணீட்டீங்க" என்றாள்.

"இல்ல கண்ணு, அது..."

"நாந்தான் உள்ள படுத்திருந்தனுங்களே!"

 மதியம் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கோமதி கம்பெனியிலிருந்து வந்தபோது வீட்டில் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது, என் வயிறு உட்பட. நடந்ததைச் சொன்னேன். அவள் மெயினை அணைத்துவிட்டு, என்னைப் போர்டைக் கழற்றச் சொன்னாள். எந்தக் கீற்று எந்தக் கம்பிக்கு என்று நான் விளக்கியதைக் கேட்டாள். பிறகு கம்பிகளிலிருந்து இரண்டு கீற்றை அவிழ்த்து, எது எந்தக் கம்பியுடையது என்று கையில் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வெயிலில் இரண்டையும் நீட்டினாள்.

ஒன்று நேவி. ஒன்று கறுப்பு. கைக்குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் நான் கறுப்பு என்றுதான் பார்த்திருந்தேன். ஏதோ ஒன்றை நேவி என்று முடிவும் செய்திருந்தேன்.

"ஏனுங்க" என்றாள் கோமதி. அவள் ஏனுங்க போடும் விதத்திலேயே மீதியெல்லாம் வந்துவிடும். "இந்தப் பனியன் ஊர்ல பொறந்து, நேவியையும் பிளாக்கையும் டார்ச்சடிச்சுப் பாத்து அப்ரூவல் பண்ணுன மொத ஆளு நீங்கதானுங்க. எங்க கம்பெனில யாராச்சும் இப்படிப் பண்ணுனா கண்டெய்னரே திரும்பி வந்துரும். இங்க என் புள்ள நொண்டிட்டு வருது."

கம்பிகளை மாற்றிச் செருகினேன். மெயினைப் போட்டோம். 'கயல் அறை'யை அமுக்கினேன். கயலின் அறை விளக்கு அணைந்தது! கீழே ஒரு சத்தமும் இல்லை. பாய்க்கு ஒரு ட்யூப், எங்களுக்கு ஒரு டீ என்று ஊரே அமைதியானது.

சாயந்திரம் கயலைச் சமாதானம் செய்து கூப்பிட்டேன். "பாத்தியா கண்ணு, இப்பச் சரியாயிருச்சு. போன வச்சுக்க. படுத்துட்டே ஒரு அமுக்கு, அவ்வளவுதான்."

அவள் போனை வாங்கவில்லை.

"படுக்கைக்குப் போன் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கப்பா."

"யாரு சொன்னது?"

"நீங்கதானுங்க. பேப்பர்ல போட்டிருந்தீங்க. எங்க மிஸ்ஸு வெட்டி போர்டுல ஒட்டீருக்காங்க."

போட்டிருந்தேன். 'படுக்கையில் கைபேசி எதற்கு, குட்டிகளே?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பே கொடுத்திருந்தேன். கோமதி சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. சிரிப்பதற்காகத்தான்.

நான் சளைக்கவில்லை. புதிர் போடுகிறவனுக்கு மாற்று வழியா தெரியாது?

"சரி, டைமர் வச்சர்றேன். நீ படுத்த கொஞ்ச நேரத்துல தானா அணையும்."

"நான் பாத்ரூமுக்கு எந்திரிச்சிருந்தா?"

"அப்ப நானே உன் ரூம் வாசல்ல போனோட நிக்கிறேன். நீ படுத்துட்டு 'அப்பா'ன்னு சொல்லு, அமுக்கீர்றேன்."

கயல் தன் காலைத் தடவிப் பார்த்தாள். என் கட்டை விரலையும் பார்த்தாள்.

அன்று படுக்கும் நேரம் வந்ததும் மூன்று வழியையும் வரிசையாகச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டேன். போனா, டைமரா, அப்பாவா?

அம்மா வந்து சுவர் ஸ்விட்சை அணைக்கட்டும் என்றாள் கயல்.