சவ வண்டியை முந்திய கார்னீலியா

வால்கில், ஆரஞ்சு கவுண்டி
அக்டோபர், 1886

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் ஏசா அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ஹைரம் எழுதிக்கொண்டது. இங்கே பசுக்கள் சுகம், கோழிகள் சுகம், என்னை யாரும் விசாரிப்பதில்லை. உங்கள் உடைந்த கால் நல்லபடியாகக் கூட ஆண்டவர் அருள்வாராக. பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் லொவீனாவை எப்படியாவது சமாதானப்படுத்தி என்னோடு அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அவள் போனதிலிருந்து நான் சுட்ட ரொட்டியை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

மெஹிட்டபெல் அத்தையின் அடக்கத்தில் நான் செய்த கூத்தை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். என் வாயாலும் கேளுங்கள். என் பெண்குதிரை கார்னீலியா ஒரு மைலை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடிக் காட்டிவிட்டால் வம்சப் புத்தகத்தில் அவள் பெயர் ஏறும், அவள் போடும் குட்டிகளுக்கும் மவுசு வரும் என்று மூன்று வருடமாகத் தலைகீழாக நிற்கிறேன். வண்டிப் பந்தயத்தில் பெருநடைதான் ஓட வேண்டும், நாலுகால் பாய்ச்சலில் போனால் கணக்கில் சேராது. அவளோ கோஷென் பந்தய மைதானத்தில் கூட்டத்தைக் கண்டதுமே பாய்வாள். அதனால் தினமும் சாயங்காலம் பக்கத்துப் பண்ணைக் கறுப்புக் குதிரையை முன்னால் ஓடவிட்டு, இவளை முந்தவைத்துப் பழக்கினேன். கறுப்பு வால் கண்ணில் பட்டால் முந்து, நான் கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகமாக முந்து, இவ்வளவுதான் பாடம். ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள், மகராசி.

அடக்கத்தன்று லொவீனா, "உழவுக் குதிரையைப் பூட்டுங்க, போதும்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் கேட்டேனா? ஊரே திரண்டு வருகிற இடத்தில் கார்னீலியாவைக் காட்டாவிட்டால் அவளை வளர்த்து என்ன பிரயோஜனம் என்று என் புத்தி போயிற்று. போதகர் ஹாலக் என் பக்கத்தில், லொவீனா பின்னால், எங்களுக்கு முன்னே அத்தையின் சவ வண்டி. அதில் பூட்டியது இரண்டும் கன்னங்கரேல் குதிரைகள்! கோயில் வாசலைத் தாண்டியதும் கார்னீலியா காதை விடைத்தாள். நான் கடிவாளத்தை இழுத்தேன். இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது தெரியுமே. சவ வண்டியை உரசிக்கொண்டு பறந்தோம். வண்டிக்காரர் கிடியன், "யோவ் ஹைரம், உனக்கென்னய்யா அவசரம்? போகவேண்டியவங்க இங்கல்லவா இருக்காங்க!"ன்னு கத்தினார். லொவீனா என் கோட்டைப் பிடித்து உலுக்கி, "நிறுத்துங்க! மானம் போகுது!"ன்னா. போதகரோ தொப்பியை மடியில் அமுக்கிக்கொண்டு, "இப்ப இழுக்காதீங்க ஹைரம், நடை கெட்டுடும்"னார். அவர் சொன்னது சரிதான்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "பெட்டி எங்கய்யா?"ன்னு கேட்டாங்க. "பின்னால வருது"ன்னேன்.

இதுவரைக்கும்கூட லொவீனா மன்னித்திருப்பாள். ஆனால் பழக்கதோஷம், கோயில் வாசலிலேயே என் கை பைக்குள் போய்க் கடிகாரத்தைத் தட்டிவிட்டிருந்தது. அங்கிருந்து கல்லறைத் தோட்டம் சரியாக ஒரு மைல். குழிக்குள் பெட்டியை இறக்கும்போது, ஜெபத்துக்கு நடுவே போதகர் தலையைக் குனிந்தபடியே, "எவ்வளவு?" என்றார். நானும் மடையன் மாதிரி, "ரெண்டு நிமிஷம் இருபத்தொம்பது! ஒரு பாய்ச்சல் இல்லை!"ன்னு சொல்லித் தொலைத்தேன். சன்னமாகச் சொன்னதாகத்தான் நினைவு. சுவர் ஓரம் நின்ற கூட்டம் கை தட்டியதாகச் சொல்கிறார்கள். லொவீனா அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள் பாருங்கள், மச்சான், அந்தப் பார்வைக்கு நானே குழிக்குள் இறங்கியிருக்கலாம்.

"நானா, அந்தக் குதிரையா, முடிவு பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. முடிவு பண்ணிவிட்டேன். கார்னீலியாவைப் பால்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று. அவள் நின்ற கொட்டில் காலி. பத்தொன்பது வருடம் என்னோடு குப்பை கொட்டியவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இது சத்தியம். சனிக்கிழமை காலையில் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டம்மா, குழந்தைகள் யாவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், ஆண்டவர் உங்கள் வீட்டை நிறைத்துவைப்பாராக.

இப்படிக்கு, தலை குனிந்து நிற்கும்
ஹைரம் டெக்கர்

பின்குறிப்பு: இதை மட்டும் லொவீனாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். விற்றாயிற்று என்று எழுதியது கொஞ்சம் முந்திப்போய் எழுதியது. பால்காரர் திங்கட்கிழமைதான் வருகிறார். கோயில் சாலை இறக்கம், கடிகாரமும் ஒன்றுதான், அதனால் அந்தக் கணக்கை எவனும் ஏற்கமாட்டேன் என்கிறான். உங்கள் வாசலிலிருந்து பாலம் வரை சமதரை, அளந்த ஒரு மைல். சனிக்கிழமை பாலத்தருகே நம்பிக்கையான ஆட்கள் மூன்று பேரைக் கடிகாரத்தோடு நிறுத்துங்கள். முன்னால் போக ஒரு கறுப்புக் குதிரையும் வேண்டும். லொவீனாவைப் பெட்டி எதுவும் எடுக்காமல் வரச் சொல்லுங்கள். பெட்டிகளை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.