மேசைமேல் முப்பத்தெட்டாம் கோடு

உலகத்தில் தளபதிகள் இரண்டு வகை. படையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை, எனக்கு அவ்வளவு தைரியமும் கிடையாது. நான் சொல்ல வந்தது இரண்டாம் வகையை. டீக்கடையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, தன் வீட்டிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற இரண்டு நாடுகளைக் காலை ஏழிலிருந்து பத்துவரை மோதவிட்டு, இரண்டு பக்கத்திலும் லட்சக்கணக்கில் ஆட்களைச் சாகடித்து, பத்தேகாலுக்கு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குகிற தூரதேசத் தளபதி. மதுரையிலும் இந்த இனம் உண்டு, பினாங்கிலும் உண்டு. ஆனால் கொழுத்துச் செழிப்பது எங்கள் யாங்கோனில், பழைய ரங்கூனில்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வாய்த்த தளபதியின் பெயர் ஊ சபாபதி. 'ஊ' என்பது இங்கே பெரியவர்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. அவர் விஷயத்தில் அது வயசுக்குக் கொடுத்ததே தவிர வேறு எதற்கும் இல்லை. அலோன் துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி நோட்டில் கோடு போட்டவர். ஆகவே கப்பல் தெரியும். கப்பல் தெரிந்தவருக்குப் போர்க்கப்பல் தெரியாதா? போர்க்கப்பல் தெரிந்தவருக்கு ஏவுகணை தெரியாதா? இப்படி ஒவ்வொரு படியாக ஏறித்தான் அவர் கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் ஊர் டீக்கடை வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நீங்கள் உட்கார்ந்த உடனே, கேட்காமலேயே, சமோசாத் தட்டும், ஈச்சாகுவே என்கிற முழ நீளப் பலகாரம் அடுக்கின தட்டும், பச்சைத் தேநீர் நிரப்பின பிளாஸ்க்கும் மேசைக்கு வந்துவிடும். தின்றதற்குத்தான் காசு. தொடாததை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். பிளாஸ்க்குக்குக் காசே கிடையாது. இதைவிட வசதியான ராணுவத் தளவாடம் எந்த நாட்டில் கிடைக்கும்? ஊ சபாபதி ஒரே ஒரு பால் டீ சொல்லுவார். பச்சைத் தேநீரில் விரலைத் தோய்த்து மேசையின் குறுக்கே ஈரக்கோடு ஒன்று இழுப்பார். அதுதான் வடகொரியாவையும் தென்கொரியாவையும் பிரிக்கிற முப்பத்தெட்டாம் கோடு. கோட்டுக்கு வடக்கே பிளாஸ்க், தெற்கே யாராவது ஒருவருடைய டீ கிளாஸ் சியோல் நகரமாக நிற்கும். ஈச்சாகுவே ஏவுகணை, சமோசா போர்க்கப்பல். மூன்று மணி நேரம் கடல் கொந்தளிக்கும், நகரங்கள் எரியும். பத்து மணிக்குப் போர் முடிந்ததும் ஒரு சமோசாவுக்குக்கூட மூலை உடையாமல் எல்லாக் கப்பலும் தட்டுக்குத் திரும்பிவிடும். அவர் ஒரு டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போவார்.

செய்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்களா? போனிலிருந்து. தெருவில் கரண்ட் இல்லாத நேரத்திலும் கடையில் பேட்டரி ஓடும், அதில் சார்ஜ் போட்டுக்கொள்வார். அரசு தடுத்து வைத்த பக்கங்களுக்குள் விபிஎன் வழியாக நுழைந்து, சிவப்பு எழுத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருவர் கத்துகிற காணொளிகளை ஒன்று விடாமல் பார்ப்பார். பார்த்ததை நம்மிடம் சொல்லும்போது காணொளி மறைந்துவிடும். ஏதோ தளபதிகள் கூடின அறையில் அவரும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த மாதிரி, "உள்ளுக்குள்ள விஷயம் வேற" என்று ஆரம்பிப்பார். "தேதி குறிச்சுட்டான்" என்று முடிப்பார். அந்தத் தேதி வந்து போகும். மறுநாள் கேட்டால், "ஒத்திப் போட்டிருக்கான். நான் சொல்லலே?" என்பார். அவர் சொல்லவில்லை. ஆனால் அதை நாம் சொல்லிவிட முடியுமா?

ஏன் கொரியாவைப் பிடித்தார் என்று யோசித்துப் பார்த்தேன். ஆள் கெட்டிக்காரர்தான். மற்றச் சண்டைகள் ஆரம்பித்து முடிந்துவிடும், யார் ஜெயித்தது என்று தெரிந்துவிடும், இவர் சொன்னது பொய் என்றும் தெரிந்துவிடும். இந்தச் சண்டையோ எழுபது வருஷத்துக்கு முந்தி நிறுத்தி வைத்தது. துப்பாக்கியைக் கீழே இறக்குகிறோம் என்றுதான் கையெழுத்துப் போட்டார்களே தவிர, சண்டை முடிந்தது என்று இன்றுவரை யாரும் போடவில்லை. வடக்கே ஏவுகணை ஒன்று கடலில் விழும், தெற்கே ஒத்திகை நடக்கும், எல்லையில் ஒலிபெருக்கி வைப்பார்கள், கழற்றுவார்கள். எப்போதும் நாளைக்கே வெடிக்கும் போல இருக்கிற ஒரு சண்டை. ஜோசியம் சொல்கிறவனுக்கு இதைவிட நல்ல பிழைப்பு எங்கே கிடைக்கும்?

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. கடைக்கு எதிர்ச்சாரியில் மணல்மூட்டை அடுக்கின ராணுவச் சாவடி ஒன்று இருக்கிறது. அங்கே நிற்கிறவர்களின் துப்பாக்கி ஈச்சாகுவே அல்ல. அந்தச் சாவடியைப் பற்றி ஊ சபாபதி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசினதில்லை. இதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் எனக்கும் உண்டு, பேசினவர்களின் கதியும் தெரியும். ஆனால் பயந்தவன் சும்மா இருக்கலாம் இல்லையா? இங்கே மூடின வாயை அங்கே கொண்டுபோய்த் திறந்து, அதை வீரம் என்று நினைத்துக்கொள்வதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. வார்டு ஆபீஸ் எழுத்தர் கையில் பைலோடு தெருமுனையில் தெரிந்தால் போதும், தளபதியின் உள்ளங்கை தானாக மேசையைத் துடைத்துவிடும். முப்பத்தெட்டாம் கோடு போன இடம் தெரியாது. "என்ன வெயில்" என்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பவுனம்மாள் வருகிற வரைக்கும்.

பவுனம்மாள் எங்கள் தெருக்காரி. புருஷன் இல்லை. லைங் தாயாவில் ஒரு தையல் பாக்டரியில் கோட்டுக்குக் கை பொருத்துகிறாள். பாக்டரி பஸ்ஸை இங்கே எல்லோரும் ஃபெரி என்பார்கள். அந்த ஃபெரி அவளை ஏற்றிக்கொள்வது இந்த டீக்கடை வாசலில்தான். அவளுடைய ஒரே மகன் முரளிதரன், வயசு இருபத்திரண்டு. இரண்டு வருஷம் கொரிய மொழி படித்துப் பரீட்சையில் தேறி, தென்கொரியாவில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலைக்கு ஒப்பந்தமும் வந்து, அந்த மாதம் இருபதாம் தேதி விமானம் ஏற வேண்டியவன். அந்த வயசுப் பையன்களைக் கட்டாயமாகப் படைக்குக் கூப்பிடுகிற பட்டியல் வார்டு வார்டாக வந்துகொண்டிருந்த சமயம். இருபதாம் தேதி அவன் விமானத்தில் ஏறிவிட்டால் பட்டியலில் பெயர் வந்தாலும் ஆள் இருக்க மாட்டான். இது பவுனம்மாளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எட்டாம் தேதி காலை, ஃபெரிக்கு நின்றவள் மேசைப் பக்கம் வந்தாள்.

"அண்ணே, நீங்கதான் அந்த நாட்டு விஷயமெல்லாம் பாக்கிறீங்களாம். முரளி போறான். பயமில்லையே?"

தளபதியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணின மனுஷனிடம் முதல்முறையாக ஒருவர் ஆலோசனை கேட்கிறார். அவர் விரல் பச்சைத் தேநீருக்குள் போய்விட்டது.

"இங்க பாரு தங்கச்சி. இது கோடு. வடக்க இருக்கிறவன் இந்த மாசத்துக்குள்ள அடிப்பான். முத அடி இந்த ஊருக்குத்தான்." சியோலாக நின்ற கிளாஸின்மேல் ஈச்சாகுவே ஒன்றைக் கிடத்தினார். "உன் மகன் வேலைக்குப் போற எடம் இதுக்குப் பக்கத்தில. உள்ளுக்குள்ள விஷயம் வேற. தேதி குறிச்சுட்டான்."

பவுனம்மாள் ஈச்சாகுவேயைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்து, "எங்க பாக்டரிக்கு அங்கேருந்து அடுத்த குளிருக்கு ஆர்டர் வந்திருக்குண்ணே. நாப்பதாயிரம் கோட்டு. சண்டை வர்ற எடத்துக்காரன் இவ்வளவு கேப்பானா?" என்றாள்.

"பட்டாளத்துக்கா இருக்கும்."

"சின்னப் பிள்ளைக கோட்டுண்ணே. தொப்பியில முயல் காது வச்சுத் தைக்கிறோம்."

உலகத்துச் செய்தியெல்லாம் பார்க்கிற மூளை எதுவும் அன்று அந்த மேசையில் பேசவில்லை. பேசினது கோட்டுக்குக் கை பொருத்துகிற பவுனம்மாளின் மூளைதான். பிள்ளைகளுக்கு முயல்காதுக் கோட்டு வாங்குகிற ஊர் நாளைக்கே சாம்பலாகப் போகிற ஊர் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தளபதி சிரித்தார்.

"அதெல்லாம் கண்துடைப்பு. ஒலகத்த நம்ப வைக்கிறதுக்குப் பண்றது. நீ பெத்த தாயி, நான் சொல்றதச் சொல்லிட்டேன். போற தேதிக்கு மேல ஒரு பத்து நாள் பொறுத்து அனுப்பு. ஒண்ணும் கொறஞ்சு போகாது."

ஃபெரி வரும்வரை அவள் அங்கேயே நின்றாள். அன்று சாயங்காலம் மகனிடம் சொல்லியிருக்கிறாள். முரளிதரனுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் பர்மியத்தில்தான் வரும். "அங்கே என்ன விழும் என்று சொல்கிறவரிடம், இங்கே என்ன விழுகிறது என்று கேட்டாயா?" என்றானாம். ஆனால் தாயின் அழுகையை மீறிப் போகிற பிள்ளையல்ல அவன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் போகிற குழுவுக்குத் தன் பெயரை மாற்றிக்கொண்டான்.

இருபதாம் தேதி வந்தது. கொரியாவில் ஒன்றும் நடக்கவில்லை. "ஒத்திப் போட்டிருக்கான்" என்றார் ஊ சபாபதி. இருபத்தொன்பதாம் தேதி, ஆண்பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கான அனுமதி நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதற்கு அடுத்த வாரம் வார்டு ஆபீஸில் படைக்கு ஆள் எடுக்கிற குலுக்கல் நடந்தது. எழுத்தர் பைலோடு தெருவுக்குள் நுழைந்தபோது தளபதி மேசையைத் துடைத்துவிட்டு, என்ன வெயில் என்றார். பைல் பவுனம்மாளின் வீட்டு வாசலில் போய் நின்றது.

முரளிதரனை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டீக்கடை வாசலைத் தாண்டித்தான் லாரி போனது. ஊ சபாபதி போனில் ஏவுகணை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, பாக்டரி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் பவுனம்மாள் கடைக்கு வந்து எங்கள் மேசையிலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டீ சொன்னாள்.

"அண்ணே, அங்க சண்டை ஆரம்பிச்சிருச்சா?"

தளபதி தொண்டையைச் செருமினார். "இன்னும் இல்ல தங்கச்சி. ஆனா நெலம மோசம்."

"நேத்து முரளிக்கு ரெண்டு நிமிஷம் போன் குடுத்திருந்தாங்க. இந்த நாட்டிலயே எங்கயோ வடக்க சண்டைக்கு அனுப்பறாங்களாம். 'கொரியாவில சண்ட வந்திருச்சாம்மா'ன்னுதான் மொதல்ல கேட்டான். இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வந்திருச்சுப்பா, அந்தப் பட்டறையே போயிருச்சாம்னு சொல்லிட்டேன்." சேலைத் தலைப்பால் மேசையின் ஈரத்தைத் துடைத்தாள். "'அப்ப நல்ல வேளை, தப்பிச்சேன்'னு சொன்னான்."

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? காலில் விழ வேண்டாம். தலையைக் குனிந்திருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். ஊ சபாபதியின் முகம் தெளிந்தது. அவருக்குப் பெரிய ஆறுதல்.

"நீ சொன்னதில தப்பில்ல தங்கச்சி," என்றார். "எப்படியும் வரப்போறதுதான். இந்தா பாரு." விரல் தேநீருக்குள் போனது. அவள் துடைத்த இடத்திலேயே புதுக்கோடு விழுந்தது. ஒரு சமோசாவைத் தட்டிலிருந்து எடுத்துக் கோட்டுக்கு மேற்கே கடலில் நிறுத்தினார்.

பவுனம்மாள் அந்தச் சமோசாவை எடுத்து, நிதானமாக, முழுசும் தின்றாள். இத்தனை வருஷத்துச் சண்டையில் அந்த மேசையில் மூழ்கின முதல் கப்பல் அதுதான். டீக்கும் சமோசாவுக்கும் சேர்த்துக் காசை வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் ஃபெரிக்கு அடுத்த முனையில்தான் நிற்கிறாள்.

இந்த இனத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு விவரமாக எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவே இல்லையே. எட்டாம் தேதி காலை சியோலாக நின்ற கிளாஸ் என்னுடையது. ஈச்சாகுவே அதன்மேல் விழுந்தபோது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "சீக்கிரம் அனுப்பிவிடு, பட்டியல் வருவதற்குள்" என்று அவள் காதில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எதிர்ச்சாவடிக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. நான் சொல்லவில்லை. ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் பறக்கும் என்று கேட்டேன்.

நீங்கள் அப்படி அல்ல என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இவ்வளவும் படித்துவிட்டு, 'சரி, கொரியாவில் கடைசியில் என்னதான் ஆயிற்று?' என்று ஒரு நொடி உங்கள் கை போனைத் தேடியிருந்தால் எங்கள் கடைக்கு வாருங்கள். பவுனம்மாள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது.