காகிதப்பூவுக்குக் கவாத்து

வடகரப்பதி,
பங்குனி 9.

ஏலப்பாறை எஸ்டேட் மூன்றாம் நம்பர் லயத்தில் சுகமே இருந்துவரும் அன்பு மாப்பிள்ளை ராஜசேகருக்கு மச்சான் பெரியமுத்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், மகன் அருண்பாண்டியும், மருமகள் ஆனந்தியும், மிச்சம் பிழைத்த செடிகளும் சௌக்கியம். அவ்விடம் உன் சுகத்துக்கும், முக்கியமாக உன் அக்கா குருவம்மாளின் மனநிலைக்கும் பதில் எழுதவும். போனில் சொல்லலாம்தான். நீ எடுத்தால் அவள் பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்வாள். ஆகையால் கடிதம். அடியில் கோடு போட்ட இடத்தை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டவும்.

விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசியில் அவளுக்கு ரிட்டையர்மெண்ட், எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். போன வருசமே இங்கே வரச் சொன்னதற்கு, "தண்ணியில்லாத காட்டுல அந்த மனுசன் ஒரு வருசம் செடிகளை உயிரோட வச்சுக் காட்டட்டும், இல்லேன்னா நான் கம்பத்துக்கு எங்க பெரியக்கா வீட்டுக்குப் போறேன்"னு சொல்லிப்புட்டா. முப்பத்தாறு வருசம் ஒரே அடுப்புல சாப்பிட்டவன் மாப்ள, அவ இல்லாம எனக்கு இங்க சோறு இறங்கல.

போன சித்திரையில நான் ரிட்டையர் ஆகி மகன் வீட்டுல வந்து இறங்கினேனா, ஆனந்தி அவ தோட்டத்தை எங்கிட்ட ஒப்படைச்சா. அரளி, அடீனியம், பத்துமணிப்பூ, கத்தாழை, வேலி நெடுக காகிதப்பூ, எல்லாம் தண்ணி கம்மியாக் கேக்குற சாதி. "மாமா, அடீனியத்துக்கு மண்ணு நல்லாக் காஞ்ச பிறகு ஊத்துனாப் போதும்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. நம்ம ஊர்ல செடிக்குத் தண்ணி ஊத்தியா பழக்கம்? வானம் ஊத்தும், நாம குடை பிடிப்போம். இங்க வெயிலப் பாத்து எனக்கே நாக்கு வறண்டு போச்சு, அது வாயில்லாச் சீவனாச்சேன்னு காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். பத்தே நாள்ல அடீனியத்தோட அடிக்கிழங்கு கொழகொழன்னு ஆகி, தொட்டா விரலு உள்ள போகுது. அன்னைக்கு அடுப்படியில ஆனந்தி பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக் கேட்டுச்சு.

வைகாசி கடைசியில நம்ம பக்கம் இடவப்பாதி மழை பிடிக்குமில்ல, அந்தக் கணக்குல இருபது அரளிக் குச்சிய நட்டுட்டுக் குடையும் கையுமா வாசல்ல நின்னேன். பதினோரு நாள் நின்னேன் மாப்ள. பக்கத்துக் காட்டு நஞ்சப்பன் வரப்புல நின்னு, "ஏனுங்க பெரியவரே, வெயிலுக்குங்களா குடை?"ன்னாரு. மழைக்குன்னேன். "அதுக்கு ஐப்பசி வரைக்கும் நிக்கோணுமுங்களே"ன்னு சொல்லிட்டு, அவரு வீட்டுல இருந்து நாற்காலி ஒண்ணு எடுத்தாந்து போட்டாரு. குச்சி இருபதும் விறகாப் போச்சு. <u>ஐப்பசியில நிசமாவே மழை வந்தப்ப மிச்சமிருந்த அடீனியத் தொட்டி அத்தனையும் நனையாம இறவாரத்துக்கு மாத்தி வச்சது நான்தான்.</u> இதுக்குக் கோடு போட்டிருக்கேன், பாரு.

தையில ஆனந்தி அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. காகிதப்பூ கண்டமேனிக்கு வளந்து, போறவன் வர்றவன் சட்டையெல்லாம் பிடிச்சு இழுக்குது. முப்பத்தெட்டு வருசம் தேயிலைக்குக் கவாத்து வெட்டின கை, சும்மா இருக்குமா? இடுப்பளவுக்கு மட்டம் பாத்து, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரே சீரா அடிச்சுத் தள்ளிட்டேன், ஒரு இலை மிச்சமில்ல. திரும்பி வந்தவ கேட்டுக்கிட்டயே நின்னுட்டா. "மாமா, இது தேயில இல்ல"ன்னா. குரலே உடைஞ்சிருச்சு. ஐயையோ, நான் ரெண்டு நாள் நஞ்சப்பன் மாட்டுக் கொட்டகையிலதான் குடித்தனம். அப்புறம் தளிர் விட்டுச்சு. தேயிலை நெனப்புல ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாக் கிள்ளப் போன வலது கையை இடது கையால பிடிச்சு நிறுத்தினேன், சத்தியமா.

மாசி பாதியில பூத்துச்சு பாரு! <u>வேலி நெடுக இலையே தெரியல, செக்கச் செவேல்னு நிக்குது. கோயமுத்தூர் பஸ்ஸு நம்ம வீட்டுக்கிட்ட மெதுவாப் போகுது. ஆனந்தியே "அடுத்த வருசமும் நீங்களே வெட்டுங்க மாமா"ன்னுட்டா.</u> இதை ரெண்டு தடவை வாசிக்கவும்.

ஆகவே, எப்படியாவது அக்காவைச் சமாதானப்படுத்தி பஸ் ஏற்றி விடவும். தண்ணீர் அதிகம் கேட்கும் ஒரு செடியும் இனி இந்தக் கேட்டைத் தாண்டாது என்று மருமகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அதையும் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசி. மழையில் நனைய வேண்டாம் என்று சொல்லவும், நனைந்தால் கொடுத்துவைத்தவர்கள்.

இப்படிக்கு,
மச்சான் பெரியமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டுறப்ப வாசல்ல ஆட்டோ சத்தம். இறங்குனது உன் அக்கா! பாக்கியிருந்த லீவையெல்லாம் போட்டுட்டு, உங்கிட்டகூடச் சொல்லாம பஸ் ஏறிட்டாளாம். "செடி பூத்தா என்ன, பட்டுப்போனா என்ன, நீங்க ஒழுங்காச் சாப்பிடலேன்னு மருமக சொல்லுச்சு"ன்னா. பூத்து நிக்குற வேலிப் பக்கம் அவ திரும்பிக்கூடப் பாக்கல மாப்ள. ஈரச்சாக்கு ஒண்ணைப் பிரிச்சா, உள்ள ஆறு தேயிலை நாத்து. "இதுங்க முகத்துல முழிக்காம எனக்குப் பொழுது விடியாது, எங்க நடலாம்?"னு கேக்குறா. ஆனந்தி என்னைப் பாத்தா, நான் வானத்தைப் பாத்தேன். பைப்படியில நிழலாப் பாத்து மூணு குழி தோண்டிட்டேன், இன்னும் மூணு பாக்கி, அவ கூப்பிடுறா, நிறுத்திக்கிறேன்.