ருசி பார்க்காத கருவாட்டுக் குழம்பு

தமிழ்ப்பள்ளியில் ஏழு வருடம் படித்தவள் நான். ஒரு பரீட்சையிலும் தோற்றதில்லை. ஆனால் குழம்பு கொதிக்கும்போது 'உப்புப் போட்டாயா?' என்று யாராவது கேட்டால், இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. (போட்டிருப்பேன். போட்டேனா?)

'மெர்டேக்கா' என்று முழங்கி நாடு சுதந்திரம் வாங்கிய வருடம், தீபாவளிக்கு முந்தின நாள். அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் ஒரே பிள்ளை என்பதால் அம்மாவுக்கான படையலைக் காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலேயே போடுவதென்று முடிவாயிற்று. அதற்காகவே அப்பா ஜாசினிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். படையலில் அம்மாவுக்குப் பிடித்தது இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பு.

சிறு வயதில் பள்ளி விட்டு வரும்போது தோட்டத்து லயத்து வீடுகளின் முனையிலேயே அந்த வாசனை என்னைப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் அதன் உண்மையான ருசி மறுநாள் காலையில்தான். மண்சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் குழம்பில் பழைய சோற்றைப் போட்டுப் பிசைந்து, அம்மா என் உள்ளங்கையில் உருண்டையாக வைப்பாள். விரலிடுக்கில் வழிவதையும் நக்கிக்கொண்டே பள்ளிக்கு ஓடுவேன். அவள் போன பிறகு அந்த உருண்டையை எத்தனை முறை என் சட்டியில் தேடியிருப்பேன்! அதே கருவாடு, அதே கத்திரிக்காய், அதே புளி. வருவது மட்டும் வேறு ஏதோ.

அம்மா சொல்லச் சொல்ல நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். கடைசி வரி: 'உப்பு, பார்த்துப் போடவும்.' பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை.

செமாபோக்கிலிருந்து என் கணவரின் அக்கா காலையிலேயே வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்துக்கவா?"

"அடி போடி! படைக்கிறதுக்கு முன்னாடி வாயில வெச்சா எச்சி. ஒங்கம்மாவுக்கு எச்சிச் சோறா போடப் போற?"

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் குழந்தை அலறினாள். ஓடிப்போய்த் தூக்கி, சமாதானப்படுத்தித் திரும்பி வந்தால், உப்பு ஜாடி திறந்திருக்கிறது. போட்டுவிட்டுப் போனேனா, போடப் போகும்போது ஓடினேனா?

"ஏங்க, நான் உப்புப் போட்டதப் பாத்தீங்களா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து கணவர், "மெர்டேக்கா கெடச்சும் எனக்கு இந்த வேலையா?" என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கை போட்டேன். மனம் கேட்கவில்லை, இன்னும் அரைக் கை போட்டேன். கருவாட்டிலேயே உப்பு உண்டு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதையும் அவசரத்தில் ஒரே ஒரு தடவைதான் அலசியிருந்தேன். அப்போதாவது நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். (கடமை தவறாத மகளாயிற்றே, பார்க்கவில்லை.)

மாலை நாலு மணிக்குப் படைத்து, சூடம் காட்டி, குழம்பு ஊற்றிப் பிசைந்த ஒரு பிடிச் சோற்றைக் காகத்துக்காகக் கொல்லையில் வைத்தோம். காகம் எடுத்தால்தான் அம்மா வந்து ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அப்பா செருப்புக்கூடப் போடாமல் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காகம் வந்தது. ஒரே ஒரு கொத்து. தலையை இரண்டு முறை உதறியது. அலகை வேலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது. பிறகு நேராகக் கிணற்றடி வாளியில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. அப்படியே பறந்தும் போய்விட்டது.

"ஐயையோ, தொட்டுட்டு விட்டுருச்சே!" என்று அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் அழுதுவிட்டேன். "அம்மா வேணாம்னுட்டுப் போயிட்டாங்கப்பா."

அப்பா உள்ளே போய்க் குழம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"கடலையே கொண்டாந்து ஊத்திட்டியே, கழுத! அழாத. வந்தது அவளேதான். யாரு வீட்டுக் கல்யாணம்னாலும் ஒரு வாய் வெச்சுட்டு, தலைய ஆட்டிட்டு, 'உப்பு கரிக்குது'ன்னு எலைய மடிக்கிறவ வேற யாரு?"

நாலு தம்ளர் தண்ணீரோடு அந்தக் குழம்பை அவர் ஒருவரே சாப்பிட்டு முடித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதில் உப்புக் கூடினாலும், "காக்காவுக்குத் தண்ணி வை" என்பதுதான் பேச்சு. அன்று தொட்டிலில் அலறியவள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். போன மாதம் அண்ணி வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

படையலன்று மட்டும் நான் ஒரு காரியம் செய்கிறேன், யாருக்கும் தெரியாது. காகத்துக்கு வைக்கும் பிடிச் சோற்றில், அண்ணி அந்தப் பக்கம் திரும்பும்போது, இன்னும் ஒரு சிட்டிகை உப்புத் தூவிவிடுகிறேன். குறை சொல்லவாவது வரட்டுமே.