நிறுத்தத் தெரியாத லுண்ட்வால்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு: தப்பாகத் தொடங்கிவிட்டால் நிறுத்தவே மாட்டார்கள். தப்புப் பண்ணாதவர் யார்? நீங்களும் நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இவர்கள் திரும்புவதில்லை. பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டால் இப்போதெல்லாம் இப்படித்தான் என்பார்கள். காபியில் சர்க்கரையென்று உப்பை அள்ளிப் போட்டுவிட்டால், வயிற்றுக்கு நல்லது என்று கடைசிச் சொட்டுவரை குடித்து, அதேபோல் இன்னொரு கோப்பையும் கேட்பார்கள்.

அந்த இரண்டாவது கோப்பையை ஊற்றிக் கொடுத்தவள் பிரிட்டா. ஸ்வீடன் நாட்டில், ஸ்மோலண்ட் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆலயப் பாட்டை நடத்தும் உபதேசியார் யூனாஸ் லுண்ட்வாலின் மனைவி. இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

ஆளுக்கொரு மெட்டில் ஞானப்பாட்டு பாடிய ஊரை வழிக்குக் கொண்டுவர லுண்ட்வால் ஒரு சால்மோடிகான் செய்திருந்தார். நீள மரப்பெட்டி, ஒரே தந்தி, இழுக்க ஒரு வில். தந்திக்கு அடியில் எண்கள் எழுதிய மெல்லிய பலகையைச் செருகி, எண் பார்த்து விரல் வைக்க வேண்டும். ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு பலகை. பாதி ஊருக்கு அந்தப் பெட்டியே ஆகாது. பூனை வாலை மிதித்த சத்தம் என்றார்கள். கடைசியில், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பெரிய குருவானவர் வந்து கேட்பது, ஆராதனை முடிந்ததும் பெட்டியும் லுண்ட்வாலும் வேண்டுமா வேண்டாமா என்று ஊர் கை தூக்குவது என்று முடிவாயிற்று. வேலை போனால் குடியிருக்கும் வீடும் போகும்.

அன்று பார்த்து, தேவையான பலகையை அவர் சமையலறை மேஜையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ரொட்டிக்கு அடியில் அதைக் கண்ட பிரிட்டா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஆலயத்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது: வேறு பலகையைச் செருகி, யார் குரலும் எட்டாத சுருதியில் தொடங்கிவிட்டார். பாட்டுக்கு ஏழு சரணம்.

முதல் சரணத்தைப் பெண்கள் எப்படியோ எட்டிப் பிடித்தார்கள். இரண்டாவதில் விவசாயிகளின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவதில் ஆண்கள் பக்கம் புத்தகங்கள் மூடிக்கொண்டன. பிரிட்டா ஊரே பார்க்கக் குறுக்கே நடந்துபோய்ச் சரியான பலகையை அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் பலகையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு வில்லை இன்னும் அழுத்தி இழுத்தார். நான்காவதிலிருந்து ஏழாவதுவரை பாடியவர்கள் இரண்டே பேர்: அவரும், காது கேளாத ஒரு கிழவரும். பிரிட்டாவுக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது.

பெரிய குருவானவர் நல்ல மனுஷர். கை தூக்கச் சொல்வதற்குமுன் லுண்ட்வாலைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டார்.

"பலகை மாறிப்போச்சு, அவ்வளவுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதிய நான் பேசிக்கிறேன்."

ஒரே ஒரு 'ஆமா'. வீடு, மாட்டுக் கொட்டகை, உருளைக்கிழங்குப் பாத்தி எல்லாம் அந்த இரண்டு எழுத்தில் நின்றன.

"பலகை சரியாத்தான் இருக்குதுங்க ஐயா," என்றார் லுண்ட்வால். "ஊர்க்காரங்க தொண்டைதான் இறங்கிப்போச்சு."

அதற்குப் பிறகு அவருக்கு வேண்டியவர்கள்கூட அவருக்கு எதிராகக் கை தூக்கினார்கள். பிரிட்டா எண்ணவில்லை.

கோடை நடுவில் வீட்டைக் காலி செய்தார்கள். வண்டி ஊரைத் தாண்டியதும் பிரிட்டா கேட்டுவிட்டாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"அந்த வீடு ஒரே ஈரம், பிரிட்டா. நானேதான் வேண்டாம்னு விட்டுட்டு வந்தேன்."

படிக்கும்போதே உங்கள் மைத்துனர் முகம் கண்ணில் வந்திருக்கும். மேலதிகாரி முகமும் வந்திருக்கும். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், நீங்கள் இந்த ரகமா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் பாதி வருவதற்குள் "அது வேற விஷயம்" என்று உங்கள் வாய் திறந்துகொண்டால், உங்கள் வீட்டுப் பிரிட்டா மூட்டை கட்டத் தொடங்க வேண்டியதுதான்.