பெரியம்மா என்னும் இயந்திரமும் என் நாற்பதாயிரம் பிள்ளைகளும்

அன்பிலும் கோபத்திலும் தன் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கும் மருமகளுக்கு,

குழந்தைகள் நலத்துறைத் தலைமை அலுவலகத்தின் மின்விளக்கு, மின்விசிறி, மின்தூக்கி ஆகிய மூவுலகங்களையும் தனியாளாகக் கட்டி ஆளும் உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தை சுகம். அவள் சுகமாக இருந்தால் என் சுகம் கொஞ்சம் குறையும் என்பது உனக்குத் தெரிந்த கணக்குதான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "மாமா, என்ன செஞ்சு தொலைச்சீங்க?" என்று முதல் வரியிலேயே கேட்டு, இரண்டாம் வரியிலும் அதையே பெரிய எழுத்தில் கேட்டிருக்கிறாய்.

உனக்கு வந்த மறுப்புக் கடிதத்தைப் படித்தேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகள் இல்லத்திலிருக்கும் அந்தச் சின்னப் பெண்ணை வளர்க்கக் கேட்டு விண்ணப்பித்தீர்கள். குடும்பப் பெரியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டீர்கள். விசாரணைக்கு வந்த அக்கா உங்கள் வீட்டைப் பார்த்து, சமையலறையைப் பார்த்து, மாப்பிள்ளை நாலு காலில் நடந்து, அன்று இல்லத்திலிருந்து கூட்டி வந்திருந்த அந்தப் பெண்ணை முதுகில் ஏற்றிக்கொண்டு மேசையைச் சுற்றியதையும் பார்த்து, "இதுக்கு மேல என்ன வேணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் பார்த்தால், "விண்ணப்பதாரரின் குடும்பத்தில் ஏற்கெனவே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருப்பதால் மேலும் ஒரு குழந்தையை ஒப்படைக்க இயலாது" என்று பதில். ஐந்து வயது முடிந்தால் அவளைத் தூரத்து ஊரில் இருக்கும் பெரிய பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்கு இன்னும் அதிக நாள் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியில் மட்டும் பேனா மை பரவியிருந்தது. அதனால்தான் விளையாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, நடந்தது நடந்தபடி, ஒரு சொல்லும் மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன். நான் மிகைப்படுத்துகிறவன் இல்லை என்பதை இந்த உலகத்தின் எண்ணூறு கோடிப் பேரும் அறிவார்கள்.

எல்லாம் பெரியம்மா வந்ததிலிருந்து ஆரம்பம். அரசாங்கம் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக் கூடியது அல்ல. 'தேசிய' என்று தொடங்கி 'தரவுத்தளம்' என்று முடிவதற்குள் மதிய உணவு இடைவேளை வந்துவிடும். அதனால் அலுவலகத்தில் எல்லோரும் பெரியம்மா என்றே அழைத்தோம். வேறு என்ன பெயர் பொருந்தும் சொல்? எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, எதற்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, எதற்கு இருமல், எது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, எதற்கு முன்பல் விழுந்தது என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். யாருக்காவது ஏதாவது விட்டுப்போனால் சம்பந்தப்பட்ட அதிகாரியை நச்சரித்தே தீர்த்துவிடுவாள். அவளுக்காக அடித்தளத்தில் ஒரு பெரிய கூடத்தையே காலி செய்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே கறுப்பு அலமாரிகள், வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. உள்ளே குளிர் என்றால் சாதாரணக் குளிர் இல்லை. நான் கொட்டாவி விட்டால் அது உறைந்து கீழே விழுந்து உடையும். சுவரை அடைத்து ஒரு திரை. அதில் நாட்டிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புள்ளி வெளிச்சம். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை பிறந்தால், இங்கே சுவரில் புதிதாக ஒரு புள்ளி கண் திறக்கும். முதல் நாள் அதைப் பார்த்து நின்றவன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். நானும் முப்பது வருஷமாக விளக்குப் போடுகிறவன்தான். ஆனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பிள்ளை என்று நினைத்துப் பார்த்தபோது கையிலிருந்த திருப்புளி நழுவியதுகூடத் தெரியவில்லை. அன்று துணை இயக்குநர் மின்தூக்கியில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு மணி அடித்ததும் தெரியவில்லை. அவர் இன்றுவரை படியேறித்தான் வருகிறார்.

அப்புறம் பயிற்சி வகுப்பு. ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் பணியாளர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் என்று நாங்கள் சொல்லும் கணினிப் பொறியாளர் பாடம் நடத்தினார். பெரியம்மாவுக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டால் பிடிக்காது. விட்டால் கட்டம் சிவப்பாகிவிடும், அடுத்த பக்கம் திறக்காது. எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்குப் 'பாதுகாவலர்' என்ற கட்டத்தில் போட அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. "சும்மா மாதிரிக்குத்தான். பிள்ளைங்க இல்லாதவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நிஜப் பிள்ளைங்களோட கலந்துடக் கூடாது பாருங்க" என்றார். ஏணி மேல் நின்று குழல்விளக்கு மாற்றிக்கொண்டிருந்த என்னை மொத்த வகுப்பும் அண்ணாந்து பார்த்தது. எனக்கும் உன் அத்தைக்கும் பிள்ளை இல்லை என்பது அலுவலகம் அறிந்த விஷயம். அவர்கள் பார்த்ததில் தப்பில்லை. நானும் பெருமையாகவே பெயர், விலாசம், தொலைபேசி எண், இரத்த வகை முதற்கொண்டு சொன்னேன். அதை அப்படியே அச்சடித்த பயிற்சிப் புத்தகம் நாடெங்கும் போனது.

இனிமேல்தான் கதையே. ஊரிலுள்ள பணியாளர் ஒரு பிள்ளையின் விவரத்தைப் பதிய உட்காருகிறார். அப்பா எங்கே போனார் என்று தெரியாது. அம்மா ஆஸ்பத்திரியில். இப்போதைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சோறு போடுகிறார், நாளைக்கு யார் என்று தெரியாது. கட்டமோ சிவப்பு. நிரப்பாவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் படுக்கை ஒதுக்க முடியாது, பால்பொடி எழுத முடியாது, பள்ளியில் சேர்க்க முடியாது. அவர் என்னதான் செய்வார்? புத்தகத்தைத் திறந்து, அதில் இருக்கிற என்னைத் தூக்கிக் கட்டத்தில் போட்டார். கட்டம் பச்சையானது. பிள்ளைக்குப் படுக்கை கிடைத்தது. ஒருவர் செய்ததை அடுத்தவர் செய்தார், நாடே செய்தது. இப்படியாக, யாருமில்லை என்று எழுத இடமில்லாத அத்தனை பிள்ளைகளுக்கும் நான் யாரோ ஆகிவிட்டேன்.

முதலில் பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டன. "உங்க பையன் ஜன்னல் கண்ணாடியை உடைச்சிட்டான்" என்றார் ஒரு தலைமையாசிரியை. "எந்தப் பையன் மேடம்?" என்றேன். "ஏன், எத்தனை பேர் உங்களுக்கு?" "சரியாத் தெரியல மேடம், இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க." போனை வைத்துவிட்டார். உன் அத்தை அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "யாருக்கு எத்தனை பேர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியின் தொனியில் வீட்டிலிருந்த பால் திரிந்துவிட்டது. பயிற்சி வகுப்பு, ஏணி, கட்டம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் வீட்டு விசாரணைக்கு வேறொரு அதிகாரி வந்து, "நாற்பதாயிரம் குழந்தைங்க இருக்கிற வீட்டுல கழிப்பறை ஒண்ணுதானா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குறித்துக்கொண்டு போன பிறகுதான் நம்பினாள். நம்பியதோடு நிறுத்தினாளா? "எடுங்க போனை, அடிச்சுக்கிட்டே இருக்கில்ல" என்று முதலில் என்னை விரட்டினாள். அப்புறம் அவளே எடுத்தாள். "காய்ச்சலா? எத்தனை நாளா? தண்ணி நிறையக் குடுக்கிறீங்களா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா இல்லையா? நான் சாயங்காலம் கூப்பிடுவேன், பதில் சொல்லணும்" என்று யாரோ ஒரு இல்லத்து வார்டனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். சாயங்காலம் கூப்பிடவும் செய்தாள். இந்தக் குரல் இவளிடம் இத்தனை வருஷமாக எங்கே இருந்தது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவைப் பார்த்து மலைத்ததைவிட அன்று கொஞ்சம் அதிகமாகவே மலைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் உன் மறுப்புக் கடிதம். உடனே இயக்குநர் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, என் பேரை எடுத்துடுங்க, என் மருமகளுக்கு ஒரு பிள்ளை கிடைக்கணும்" என்றேன். அவர் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார். "எடுக்க முடியாதுங்க. கட்டம் காலியா இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு வேற பாதுகாவலர் பேரைப் போட்டாத்தான் இவர் பேரு போகும்" என்றார். "அப்போ போடுங்களேன்" என்றேன். "யார் பேரை?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

பெரியம்மாவின் வீழ்ச்சி அமைச்சர் வடிவத்தில் வந்தது. சுவரைப் பார்க்க வந்தார், மலைத்தார். மலைத்தவர் சும்மா இருக்கக் கூடாதா? "என் பேரனைக் காட்டுங்க பார்க்கலாம்" என்றார். இங்கே ஒரு இரகசியம் சொல்ல வேண்டும். பெரிய இடத்துப் பிள்ளைகளின் விவரம் யார் கண்ணிலும் படக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. எப்படி மறைப்பது? பெற்றோர் பெயரை எடுத்துவிட்டு மாதிரிப் பெயரைப் போட்டு மறைத்திருந்தார்கள். ஆகவே திரையில் அமைச்சரின் பேரன் படம், கீழே பாதுகாவலர் என்று என் பெயர், என் தொழில், என் இரத்த வகை. "யாருய்யா இந்த ஆளு?" என்று அமைச்சர் கத்தியதில் அலமாரிகள் அதிர்ந்தன. எல்லோரும் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேன்? "பேரன் நல்லா இருக்கான் ஐயா. கணக்குல மட்டும் ஃபெயிலுன்னு பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துது. நான் திட்டல" என்றேன். "ஃபெயிலா? எங்கிட்ட நூத்துக்கு நூறுன்னு சொன்னானே!" என்றார் அமைச்சர். அவ்வளவுதான். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் நாங்கள்தான். எங்கள் பிள்ளைகள் விவரத்தை யார் யார் பார்க்கிறார்கள், யாரைக் கேட்டுச் சேர்த்தீர்கள் என்று பெற்றோர்கள் வாசலுக்கே வந்து கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வெள்ளிக்கிழமை மதியத்தோடு பெரியம்மாவை அணைத்து எல்லாவற்றையும் அழித்துவிடும்படி உத்தரவு. விசையை இறக்க வேண்டியவன் நான்.

முன்பு உங்கள் வீட்டைப் பார்க்க வந்த விசாரணை அக்கா வெள்ளிக்கிழமை காலையில் அடித்தளத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். "இதை மூடிட்டா நிலுவையில இருக்கிற விண்ணப்பமெல்லாம் மறுபடி முதல்ல இருந்தாம். அதுக்குள்ள அந்தப் பொண்ணை ஊர் மாத்திடுவாங்க" என்றார். அவர் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்தார். பாதுகாவலர் கட்டத்தில் யார்? நான்! மருமகளே, அந்தப் பெண்ணும் இத்தனை காலமாக என் பிள்ளைதான், எனக்கே தெரியாமல்! விசை இறக்குவதைப் பார்க்க வந்திருந்த இயக்குநர் அம்மா திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விசாரணை அறிக்கை சரியா இருக்கு. இது அணையற வரைக்கும் சட்டப்படி இவர்தான் பாதுகாவலர். இவர் வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சா நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். உட்காருங்க, சீக்கிரம்" என்றார். உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் உன் பெயரை அடித்தேன். மாப்பிள்ளை பெயரை அடித்தேன். பெரியம்மா ஏதேதோ கேட்டாள். கேட்டதற்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்தினேன், பெரியவர்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கட்டம் பச்சையானது. தாள் அச்சாகி வந்தது. இயக்குநர் அம்மா கையெழுத்துப் போட்டார்.

பிறகு விசையை இறக்கினேன். சுவரில் இருந்த புள்ளிகள் மொத்தமாக அணையவில்லை. ஒரு மூலையிலிருந்து மெல்ல மெல்ல அணைந்துகொண்டு வந்தன, ஒரு ஊர் முழுக்க அம்மாக்கள் ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டு வந்ததுபோல. வாழ்நாளில் எத்தனையோ விளக்கை அணைத்திருக்கிறேன், அணைத்த பிறகு கும்பிடத் தோன்றியது அன்றுதான்.

ஆகவே பெரியம்மா இனி இல்லை. எனக்கும் பிள்ளைகள் இல்லை. என் வீட்டுத் தொலைபேசி நேற்றிலிருந்து ஒரு தடவைகூட அடிக்கவில்லை, உன் அத்தை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். உனக்கு மட்டும் ஒரே ஒரு மகள். திங்கட்கிழமை காலையில் இல்லத்து வாசலுக்கு இருவரும் வந்துவிடுங்கள். வாழ்க, வளர்க. உங்கள் வீட்டில் சத்தம் பெருகட்டும், சுவரெல்லாம் கிறுக்கல் நிறையட்டும், தூக்கம் அளவோடு கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் நாற்பதாயிரம் பேருக்குத் தகப்பனாக இருந்த உன் மாமன்.

பின்குறிப்பு: இதை உறையில் போடும் நேரத்தில் கண்ணாடிக்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்து நிற்கிறார். பெரியம்மா கேட்ட கேள்விகளில் ஒன்று, "இந்தப் பாதுகாவலரின் கீழுள்ள மற்ற குழந்தைகளுக்கும் இதே மாற்றத்தைச் செய்யவா?" என்பதாம். கண் மூடுவதற்கு முன் அவள் நாட்டிலுள்ள அத்தனை பள்ளிக்கும் இல்லத்துக்கும் உன் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறாள். சின்னவள் விஷயத்தில் மாற்றம் எதுவும் இல்லை, அவள் உன் மகள்தான், மற்றவர்களும்தான். பதறாதே. விஷயம் காதில் விழுந்ததுமே உன் அத்தை பெட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள், இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவள் வந்து உன் வீட்டுப் போனை எடுத்துக்கொண்டிருப்பாள். இல்லத்து ஓட்டுநர் ஒன்றே ஒன்று கேட்டு எழுதச் சொன்னார்: உங்கள் தெருவில் பேருந்து திரும்ப இடம் இருக்கிறதா?